பழைய பாட்டு போனில் இருக்கு. பரணில் கிடக்கும் கேசட்டில் என்ன இருக்கு?

தேனியிலிருந்து சின்னமனூர் வழியாகக் கம்பம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். ஓட்டுநருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஓடும் பாட்டு மட்டும் அவர் பிறப்பதற்குப் பத்துப் பதினைந்து வருஷம் முன்னால் வந்ததாக இருக்கும். காலேஜ் போகும் பெண்ணும், வாழைத்தார் விற்றுவிட்டு ஊர் திரும்பும் பெரியவரும் அதே பாட்டைத்தான் முணுமுணுப்பார்கள். "அந்தக் காலப் பாட்டு மாதிரி வருமா?" என்பது இப்போது பெருசுகள் மட்டும் சொல்கிற வசனம் இல்லை.

ஆசை பாட்டோடும் நிற்கவில்லை. பாட்டைக் கேட்ட பழைய சாமான்கள் மேலும் திரும்பியிருக்கிறது. மரப்பெட்டி ரேடியோவைத் தேடி வாங்கி ஓட்டல் கல்லாவில் அலங்காரமாக வைக்கிறார்கள். ரீல்ஸில் டேப் ரிக்கார்டர் சுற்றுகிறது. அமெரிக்காவில் 2022-ல் சி.டி.யைவிட இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகமாக விற்றன. 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுதான் முதல் முறை. இங்கே, பழைய எச்.எம்.வி. கம்பெனியின் இன்றைய வடிவமான சரிகம, 2017-ல் 'கார்வான்' என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. பார்க்க டிரான்சிஸ்டர் மாதிரி இருக்கும். உள்ளே 5,000 பழைய பாட்டுகள் ஏற்கெனவே ஏற்றப்பட்டிருக்கும். அத்தனை பாட்டும் போனில் கிடைக்கிற காலத்தில் காசு கொடுத்து இதை வாங்கினார்கள். பிள்ளைகள் அம்மா அப்பாவுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள்.

அப்படியானால் நாம் ஏங்குவது எதற்கு? பாட்டுக்கா, அதைக் கேட்ட விதத்துக்கா, கேட்டபோது நமக்கு இருந்த வயசுக்கா?

இருபத்து மூன்றரை வயது

வயசுக்குக் கணிசமான பங்கு இருக்கிறது. மோரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வெவ்வேறு வருடங்களில் பிரபலமான 28 பாட்டுத் துண்டுகளை வெவ்வேறு வயதுக்காரர்கள் 108 பேருக்குப் போட்டுக் காட்டி, எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். ஒருவருக்குச் சுமார் இருபத்து மூன்றரை வயது இருக்கும்போது வந்த பாட்டுகள்தான் அவருக்கு ஆயுசுக்கும் அதிகமாகப் பிடிக்கின்றன என்று தெரியவந்தது. முதல் வேலை, முதல் காதல், கல்யாணப் பேச்சு எல்லாம் நடக்கிற வயசு. பாட்டு அதில் ஒட்டிக்கொள்கிறது.

சரி, அந்த முப்பது வயசு ஓட்டுநர்? அவருக்கும் விடை உண்டு. 2013-ல் கரோல் கிரம்ஹான்சல், ஜஸ்டின் ஜுப்னிக் இருவரும் இருபது வயது மாணவர்களிடம் 1955 முதல் 2009 வரை வந்த பாட்டுகளைப் போட்டுக் கேட்டார்கள். மாணவர்கள் தங்கள் காலப் பாட்டுகளை மட்டும் விரும்பவில்லை. அவர்களுடைய அப்பா அம்மா இளைஞர்களாக இருந்தபோது வந்த பாட்டுகளிலும் ஆசை தெளிவாக மேலே எழும்பியது. வீட்டில் யாரோ போட்டதைச் சின்ன வயசில் கேட்டுக் கேட்டு வந்த ஒட்டுதல் அது. கம்பம் பள்ளத்தாக்கில் இது நடந்த இடம் சமையல்கட்டு ரேடியோவும் டீக்கடை பெஞ்சும்.

ஆனால் இந்த ஆய்வுகள் எந்தப் பாட்டு பிடிக்கும் என்பதைத்தான் சொல்கின்றன. கரகர சத்தத்தோடு கேட்டதற்கு ஏன் ஏங்குகிறோம் என்பதற்கு ஊர்ப் பக்கம்தான் வர வேண்டும்.

சென்னையைவிடக் கொழும்பு கிட்ட

வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். சின்னமனூரிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 480 கி.மீ. கொழும்பு சுமார் 420 கி.மீ.தான். பஸ்ஸுக்கு இது உதவாது, ரேடியோவுக்கு உதவும். இரண்டு பக்கமும் மலை அடைத்த பள்ளத்தாக்கில் சிற்றலை நன்றாகவே வேலை செய்தது. சிற்றலை வானத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும்; இடையில் மலை நின்றாலும் அதற்குக் கவலையில்லை.

அந்த வசதி ஏன் தேவைப்பட்டது என்றால், ஒரு மந்திரியால். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்புத் துறைக்கு வந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு ஆகாது. சினிமாக்காரர்களோடும் தகராறு வந்தது. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு கிட்டத்தட்ட நின்றே போனது. கேட்க ஆசைப்பட்டவர்கள் முள்ளைத் திருகி இலங்கைக்குப் போனார்கள். இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் அமைத்த பெரிய ஒலிபரப்பு நிலையம் 1949-ல் ரேடியோ சிலோன் கைக்கு வந்திருந்தது. படைவீரர்களுக்காக வைத்தது நம் ஊர்க் கழனிக்குப் பாட்டு அனுப்பியது. தில்லி விழித்துக்கொண்டு 1957 அக்டோபர் 3-ல் விவித பாரதியைத் தொடங்கினாலும், தென்மாவட்டங்களில் இலங்கை வானொலியின் செல்வாக்கு அதன்பின் பல வருஷம் அசையவில்லை. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது என்ற பெயர்களைச் சொந்தக்காரர் பெயர் மாதிரி சொல்கிற ஆட்கள் இந்தப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த அறிவிப்பாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பாட்டுக்கு முன்னால் படம் எது, எழுதியவர் யார், இசை யார், பாடியவர் யார் என்று நாக்கு சுத்தமாகச் சொன்னார்கள். பள்ளிக்கூடமே போகாத பாட்டிக்குக்கூட கே.வி.மகாதேவன் வேறு, விஸ்வநாதன்-ராமமூர்த்தி வேறு என்று தெரிந்தது இப்படித்தான். இப்போது போனில் அந்த விவரமெல்லாம் திரையில் எங்கோ இருக்கும். வாய்விட்டுச் சொல்ல ஆள் இல்லை. என்னைக் கேட்டால், பழைய ரேடியோவில் நாம் இழந்தது மர வாசனையைவிட இதைத்தான்.

ரேடியோ வைத்திருக்க அப்போது லைசென்ஸ் வேண்டும். வருஷா வருஷம் தபால் ஆபீஸில் பணம் கட்டி, புத்தகத்தில் முத்திரை வாங்க வேண்டும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. ஆகவே ரேடியோ ஒரு சொத்து. எவ்வளவு பெரிய சொத்து என்பதற்கு இதே உத்தமபாளையம் வட்டாரத்துப் பண்ணைப்புரத்தில் ஒரு சாட்சி உண்டு. 1960களின் இறுதியில் மகன்கள் சினிமாவில் முயற்சி செய்யச் சென்னைக்குக் கிளம்பியபோது, வீட்டிலிருந்த ரேடியோவை 400 ரூபாய்க்கு விற்று, அதிலிருந்து தனக்கென்று ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் அம்மா சின்னத்தாய் கொடுத்தனுப்பினார் என்று இளையராஜா சொல்லியிருக்கிறார். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது, விற்றுப்போன அந்த ரேடியோவுக்குப் பதிலாக ஊரிலிருந்த எல்லா ரேடியோவும் அவர் பாட்டைப் பாடியது.

குழாயில் கேட்காத பேஸ்

ரேடியோவுக்கு அடுத்து குழாய் ஸ்பீக்கர். திருவிழா, காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எதுவானாலும் மைக்செட்காரர் முதல்நாளே வந்து வேப்பமரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். சித்திரை மாதம் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வந்தால் சுற்றுவட்டாரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு குழாயாவது காதில் விழும். முதலில் சாமிப் பாட்டு, அப்புறம் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ராத்திரியானால் கதை வசனம். 1984-ல் வந்த 'விதி' படத்தின் வசன கேசட்டைக் கோர்ட் காட்சி முழுக்க மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் படத்தைப் பார்த்திருக்கவே தேவையில்லை.

இந்தக் குழாயைப் பற்றி ஏக்கத்தோடு பேசும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அதன் சத்தம் நல்ல சத்தம் இல்லை. கூம்பு வடிவக் குழாய் நடுத்தர சுருதியைத்தான் தூக்கி எறியும். மனிதக் குரலும் நாகஸ்வரமும் இரண்டு மைல் போகும். அடித்தள ஒலிகள் பெட்டியை விட்டே வெளியே வராது. டிரான்சிஸ்டரின் சின்ன ஸ்பீக்கருக்கும் அதே கதி. யோசித்துப் பாருங்கள், இளையராஜாவின் பாட்டுகளில் இன்று ரசிகர்கள் தனியாகப் பிரித்தெடுத்துக் கொண்டாடுவது பேஸ் கிட்டாரை. 70களில் குழாயிலும் டிரான்சிஸ்டரிலும் கேட்டு அவர்மேல் பித்தானவர்கள் அந்த பேஸை அநேகமாகக் கேட்டதே இல்லை! டூ-இன்-ஒன் செட்டும், பஸ்ஸில் நாலு மூலைக்கு நாலு ஸ்பீக்கரும் வந்த பிறகுதான் அது ஊருக்குள் இறங்கியது. ஆக, "அந்தக் காலத்துச் சத்தம் மாதிரி வருமா" என்றால், வராது. இப்போது வருவது அதைவிட நல்ல சத்தம்.

அப்புறம் எதற்கு ஏக்கம்? குழாயிலோ டீக்கடை ரேடியோவிலோ வரும் பாட்டை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. நிறுத்தவும் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. ஊரே ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டது. நாற்று நடுகிறவர் ஒரு வரி முணுமுணுத்தால் பக்கத்து வயல்காரருக்கு அடுத்த வரி தெரியும், ஏனென்றால் இரண்டு பேருக்கும் அந்த வரி காலையில் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வந்தது. இது எல்லோருக்கும் சுகமாகவும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பரீட்சைக்குப் படித்த பிள்ளையும், படுத்த படுக்கையாய்க் கிடந்த நோயாளியும் அந்தக் குழாயைச் சபித்திருக்கிறார்கள். 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டதில் நியாயம் இருக்கிறது.

கார்வான் பெட்டி விற்றதன் ரகசியமும் இதுவே. அதில் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஒரு பாட்டு வரும். தேட வேண்டாம், தேர்ந்தெடுக்க வேண்டாம். வேறு யாரோ நமக்காகப் போட்டதாக ஒரு நினைப்பு.

பட்டியல் எழுதிக் கொடுத்த காலம்

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட், 80களில் தமிழகச் சின்ன ஊர்களில் புதுத் தொழிலையே உண்டாக்கியது. ரெக்கார்டிங் சென்டர். கோடு போட்ட நோட்டுத் தாளில் பன்னிரண்டு பாட்டை எழுதிக் கொடுத்து, கூடவே 60 அல்லது 90 நிமிட வெற்று கேசட்டையும் வைத்துவிட்டு வந்தால், ஒரு வாரத்தில் பதிவு செய்து தருவார்கள். சட்டப்படி பார்த்தால் திருட்டுப் பதிவுதான். கடைக்காரரும் வாடிக்கையாளரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 'ஏ' பக்கம் முடியும்போது கடைசிப் பாட்டு சரணத்தின் நடுவில் டப்பென்று அறுந்துபோகும். அந்தப் பாட்டை இன்று முழுசாகக் கேட்டாலும் அந்த இடம் வந்ததும் மனசு ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் போகும்.

ஆனால் சினிமாப் பாட்டைப் பொறுத்தவரை இந்தக் கேசட்டுகள் போனால் பெரிய நஷ்டம் இல்லை. அதே பாட்டு நூறு இடத்தில் பத்திரமாக இருக்கிறது. சிலவற்றில் மட்டும் கவனம் தேவை: இசைத்தட்டில் இடம் போதாமல் சுருக்கிய பாட்டு படத்தில் ஒரு சரணம் கூடுதலாக இருக்கும், இன்று கிடைப்பது எந்த வடிவம் என்று பார்க்க வேண்டும்.

நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. டூ-இன்-ஒன் செட்டில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்ததே, அதை அழுத்தி வீட்டிலேயே பிடித்த கேசட்டுகளில்.

செப்பேடும் நாடாவும்

சின்னமனூரை வரலாற்றுப் புத்தகங்களில் ஏற்றியது ஒரு பதிவுதான். இங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகள் மதுரையில் சங்கம் வைத்ததையும், மகாபாரதத்தைத் தமிழில் கொண்டுவந்ததையும் சொல்கின்றன. பெரிய செப்பேடு பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆயிரம் வருஷத்துக்கு மேல் செம்பு தாங்கியிருக்கிறது.

கேசட் நாடா தாங்காது. அது நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத பாலியெஸ்டர் பட்டை. மேலே இரும்பு ஆக்சைடுத் துகளைப் பசையோடு பூசியிருப்பார்கள். ஒலி இருப்பது அந்தத் துகளின் காந்தத்தில். 60 நிமிட கேசட்டில் பட்டையின் தடிமன் சுமார் 18 மைக்ரான். 90 நிமிட கேசட்டில் அதே கூட்டுக்குள் அதிக நீளத்தை அடைக்க வேண்டியிருப்பதால் 12 மைக்ரான்தான். காசு மிச்சம் என்று 90 வாங்கியவர்கள் வீட்டில் நாடா சிக்கி முறுக்கிக்கொண்டது இதனால்தான். ஓட்டு வீட்டுப் பரணில் சித்திரை வெயிலும் ஐப்பசி ஈரமும் மாறி மாறிப் பட்டால் பசை இளகும், வெள்ளையாய்ப் பூஞ்சை பிடிக்கும், தலைப்பகுதியில் நாடாவை அழுத்திப் பிடிக்கும் சின்ன பஞ்சுத் துண்டு உதிர்ந்துவிடும். 80களில் பிடித்த கேசட்டுக்கு இப்போது நாற்பது வயசு.

அதில் என்ன இருக்கும்? கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இருபோகம் விளைவது 14,707 ஏக்கர். அத்தனை ஏக்கரிலும் ஒருகாலத்தில் நடவுப் பெண்கள் பாடினார்கள். இப்போது இயந்திரம் நடுகிற வயல்களும் உண்டு, இயந்திரம் பாடுவதில்லை. அந்தப் பாட்டை யாராவது பேரன் விளையாட்டாக டேப்பில் பிடித்திருந்தால் அது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான் இருக்கும். இழவு வீட்டில் பெரியத்தா பாடிய ஒப்பாரி, திருவிழாவில் விடிய விடிய நடந்த வள்ளி திருமண நாடகத்தில் ஊர்க்காரர் பாடிய பாட்டு, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கேசட். எந்தக் கம்பெனியும் இவற்றைப் போனில் ஏற்றி வைக்கவில்லை.

இழப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இந்த ஊர்ப் பக்கமே உதாரணம். பாவலர் வரதராசன் 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலையேறிப் பாடினார், பிறகு தம்பிகளையும் சேர்த்துக்கொண்டு மேடை மேடையாகப் பாடினார், 1973-ல் மறைந்தார். சாமானியர் கையில் பதிவுக் கருவி இல்லாத காலம். குழாயில் வந்த பாட்டு காற்றோடு போனது. நம் வீட்டுப் பாட்டிக்கு அந்த நிலைமை இல்லை. அவர் குரல் பரணில் இருக்கிறது, இன்னும் சில வருஷத்துக்கு.

பரணிலிருந்து இறக்கிய பிறகு

முதலில் கேசட்டின் மேல்விளிம்பைப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அது உடையாமல் இருந்தால், தப்பித்தவறி சிவப்புப் பொத்தானில் விரல் பட்டாலும் பழைய குரல் அழிந்துவிடும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுங்கள். உள்ளே பூஞ்சை தெரிந்தால் எடுத்ததும் போட்டுவிடாதீர்கள். அது செட்டின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். பழுதுபார்க்கத் தெரிந்தவர் கையில்தான் அது தேறும்.

நல்லதாக இருப்பதை, பென்சிலை நுழைத்து ஒரு சுற்றுத் திருப்பி, இறுகி ஒட்டவில்லையே என்று பாருங்கள். பிறகு முன்னும் பின்னும் ஒருமுறை முழுக்க ஓட்டிவிட்டு அப்புறம் கேளுங்கள். செட்டின் தலையைப் பஞ்சில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது அவசியம்; ஒவ்வொரு கேசட்டுக்கும் துடைத்தாலும் தப்பில்லை. ஒலி மந்தமாக, போர்வைக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தால் நாடா கெட்டதாக முடிவு கட்ட வேண்டாம். தலையின் சாய்வு மாறியிருக்கலாம். தலைக்குப் பக்கத்தில் உள்ள சின்ன திருகாணியை மெல்லத் திருப்பினால் குரல் திடீரென்று தெளிவாகும். நம்பவே முடியாது, அப்படித் தெளியும்.

செட்டின் ஹெட்போன் துளையிலிருந்து கம்பி கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். எம்பி3-ஆகச் சுருக்காமல் வேவ் வடிவில் சேமியுங்கள். 90 நிமிட கேசட்டுக்கு ஒரு ஜி.பி.க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். இரைச்சலை நீக்கும் பொத்தானை அழுத்தக் கை துறுதுறுக்கும். அதை நகலில் மட்டும் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். இரைச்சலோடு சேர்ந்து மூச்சுச் சத்தமும் போய்விடும்.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சூட்கேஸ் மாதிரி அழகாக விற்கும் மலிவான பிளேயர்களில் பல, ஊசியை ஐந்தாறு கிராம் எடையோடு அழுத்தும். நல்ல பிளேயரில் அது இரண்டு கிராம்தான். தாத்தா காலத்து 78 சுழற்சித் தட்டுக்கு ஊசியே வேறு. அதன் பள்ளம் அகலம், எல்.பி. ஊசியைப் போட்டால் பள்ளத்தின் அடியில் உரசிக்கொண்டு ஓடும், தட்டும் கெடும் ஊசியும் கெடும்.

பதிவு செய்தபின் எழுதி வைப்பது பாதி வேலை. உறையில் 'ஆத்தா பாட்டு' என்று மட்டும் இருந்தால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் புரியாது. எந்த ஊர், யார் வீடு, என்ன விசேஷம், பின்னால் சிரிக்கிறது யார் என்று சொல்லத் தெரிந்தவர் வீட்டில் இருக்கும்போதே உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டே அவர் சொல்வதையும் பதிவு செய்யுங்கள்.

கம்பியும் கம்ப்யூட்டரும் இல்லையென்றால் காத்திருக்க வேண்டாம். ஓடுகிற ஒரு செட்டை இரவல் வாங்கி, கதவைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கருக்கு ஒரு முழம் தள்ளிப் போனை வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்துங்கள். ஃபேனை மட்டும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள்.